இது ஆயா வேலை இல்லை



போன கிழமை ஏ.எல் முடித்த எங்கட பழைய மாணவி ஒருத்தி உம்மாவோடு என்னைப் பார்க்க வந்தாள். ஓட்டிசம் உள்ள சிறுபிள்ளைகளுக்கு பிஹேவியர் தெரபிஸ்டாக வர ஆசையாம். உம்மாவுக்குப் பிடிக்கவில்லை. "டீச்சர், நீங்களே சொல்லுங்கோ. இவ்வளவு படிச்சிட்டு மூள சரியில்லாத புள்ளயளுக்கு ஆயா வேல பார்க்கவா? நாளைக்கு கலியாணம் பேசி வாறவங்க என்ன நெனைப்பாங்க?" என்றார். பதில் சொல்வதற்குள் இடைவேளை பெல் அடித்துவிட்டது. அன்றைக்குச் சொல்ல நினைத்ததை இங்கே எழுதுகிறேன்.

சில வருஷங்களுக்கு முதல் என்னுடைய தரம் 2 வகுப்பில் ஒரு மகன் இருந்தார். இதே பெல் அடித்தால் மணிக்கட்டைக் கடித்துக்கொண்டு கத்துவார். கண்ணூறு என்றார்கள், தண்ணீர் ஓதிக் கொடுத்தார்கள். உம்மாவின் வளர்ப்புப் பிழை என்றும் சொன்னார்கள். நானும் இரண்டு தடவை அதட்டியிருக்கிறேன், அல்லாஹ் மன்னிக்க வேண்டும்.

பிறகு பயிற்சி பெற்ற ஒரு தங்கச்சி வந்து ஒரு கிழமை வகுப்பின் பின்பக்கம் கொப்பியோடு உட்கார்ந்தார். கடிப்பதற்கு முதல் என்ன நடந்தது, பிள்ளை என்ன செய்தார், அதற்குப் பிறகு என்ன நடந்தது என்று மூன்று கோடு போட்டு எழுதினார். மைதானத்தில் பாடம் நடந்த நாட்களில் பெல் அடித்தும் அவர் கடிக்கவில்லை. அப்படியென்றால் பிரச்சினை பெல் இல்லை. பெல் அடித்ததும் முப்பத்தைந்து பிள்ளைகள் ஒரே கதவுக்கு முண்டியடிக்கும் நெரிசல்தான். அதன் பிறகு பெல்லுக்கு இரண்டு நிமிஷம் முதல், வெளியே போகும் படம் உள்ள ஒரு அட்டையைக் கையில் கொடுத்து அவரை முதலில் அனுப்பினோம். ஒரு மாதத்தில் கடிப்பது நன்றாகக் குறைந்தது. பிறகு அவரே அட்டையை எடுத்துக் காட்டுவார். பதினெட்டு வருஷமாகப் படிப்பிக்கும் எனக்கு அது தெரியவில்லை. இதையா ஆயா வேலை என்கிறோம்?

இலங்கையில் 374 குழந்தைகளை வைத்துச் செய்து 2009இல் வெளியான ஆய்வொன்று 93 பேரில் ஒருவருக்கு ஓட்டிசம் என்றது. சின்ன ஆய்வுதான். என்றாலும் அந்தக் கணக்கில் அறுநூறு பேர் படிக்கும் பாடசாலைக்கு ஆறு பேராவது வரும். அக்குறணை, மடவளை, கட்டுகஸ்தோட்டைப் பக்கம் அந்தப் பிள்ளைகளோடு தமிழில் வேலை செய்ய எத்தனை பேர் இருக்கிறார்கள்? தெரபியில் "வத்துர" என்று பழக்குகிறார்கள், வீட்டில் உம்மா "தண்ணி" என்கிறார். பத்துச் சொல் சேர்க்கவே கஷ்டப்படும் பிள்ளை எதைப் பிடிக்கும்? சிங்கள மிஸ்மாரில் பிழை இல்லை. நாங்கள்தான் பிள்ளைகளை இந்தப் பக்கம் அனுப்பவில்லை.

ஆனால் மகள், நீங்களும் கண்ணைத் திறந்துகொண்டு போங்கோ. 40 மணித்தியால ஒன்லைன் கோர்ஸ் ஒன்றை முடித்துவிட்டு போர்ட் போடக்கூடாது. அந்த 40 மணித்தியாலம் ஒருவரின் மேற்பார்வையில் உதவியாளராக வேலை பழகுவதற்குத்தான். பெயர்பெற்ற அமெரிக்கச் சான்றிதழ் சபையும் 2023இலிருந்து எங்கட நாட்டிலிருந்து புது விண்ணப்பம் எடுப்பதில்லை, அதன் பெயரைச் சொல்லி விற்பவர்களிடம் கவனம். முதலில் உளவியலில் ஒரு பட்டம் செய்யுங்கோ. பேச்சுச் சிகிச்சையும் பிடிக்குமென்றால் களனிப் பல்கலைக்கழகத்தின் றாகம மருத்துவ பீடத்தில் அதற்குப் பட்டம் இருக்கிறது.

இன்னொன்று. இந்தச் சிகிச்சையைப் பிரபலமாக்கிய லோவாஸ் என்ற அமெரிக்கர் 1987இல், 19 பிள்ளைகளில் 9 பேர் சாதாரண வகுப்புக்குப் போனதாக எழுதினார். ஆரம்ப காலத்தில் அவருடைய முறையில் அடியும் இருந்தது. அதை அனுபவித்து வளர்ந்தவர்கள் இன்றைக்கு எதிர்த்துப் பேசுகிறார்கள். கண்ணைப் பார் என்று முகத்தைத் திருப்பும், கையை ஆட்டாதே என்று அமுக்கும் இடமென்றால் அங்கே பழக வேண்டாம்.

பள்ளி நிர்வாகிகளிடம் ஒரு கேள்வி: வருஷத்துக்கு இரண்டு பேரின் படிப்புச் செலவை ஏற்க முடியாதா? ஜகாத்தா சதகாவா என்பதை உலமாக்கள் சொல்லட்டும். அதில் ஒருவர் ஆண்பிள்ளையாக இருந்தால் நல்லது. பதினான்கு வயது மகனுக்கு வுழூவும் உடை மாற்றவும் பழக்க ஒரு நானாதான் வேண்டும்.

அந்த உம்மாவும் இதை வாசிப்பார். புதன்கிழமை ஸ்கூல் விட்டதும் மகளோடு வாங்கோ, ஸ்டாஃப் ரூமில் இருப்பேன். அந்தக் கொப்பி இன்னும் என்னிடம்தான் இருக்கிறது, காட்டுகிறேன்.