டாக்டர் பக்கம்: இளவெயில் காட்டினால் போதுமா... வைட்டமின் டி சொட்டு மருந்தை நிறுத்தலாமா?

கேள்வி: என் மகன் 31-வது வாரத்திலேயே பிறந்துவிட்டான். அப்போது எடை 1.4 கிலோ. இப்போது மூன்று மாதம், தாய்ப்பால் குடிக்கிறான். தினமும் வைட்டமின் டி சொட்டு மருந்து கொடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். 'நம்ம ஊர் வெயிலுக்கு மருந்து எதுக்கு? காலையில மாடியில கொஞ்ச நேரம் காட்டினா போதும்' என்கிறார் மாமியார். போன வாரம் மருந்துக் கடையில் வேறு பிராண்டு கொடுத்தார்கள். பழைய அளவிலேயே கொடுக்கலாமா?

*- வாசகி, திருமழிசை*

பதில்: மருந்தை நிறுத்த வேண்டாம். ஆனால், புது பாட்டிலின் லேபிளைப் படிக்காமல் அடுத்த வேளை கொடுக்கவும் வேண்டாம்.

கருவில் குழந்தைக்குச் சேரும் கால்சியம், பாஸ்பரஸில் சுமார் 80 சதவிகிதம், கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதங்களில்தான் அம்மாவிடமிருந்து போகிறது. உங்கள் மகன் அந்தக் காலத்தின் பெரும்பகுதியை வெளியில் கழித்திருக்கிறான். அதனால் எலும்புக்கான இருப்பு குறைவு. தாய்ப்பால்தான் அவனுக்குச் சிறந்த உணவு. ஆனால், அதில் வைட்டமின் டி மிகக் குறைவு. பிறந்தபோது ஒன்றரை கிலோவுக்கும் குறைவாக இருந்த குழந்தைகளுக்கு, ஆறு மாதம்வரை தினமும் 400 முதல் 1,000 யூனிட் கொடுக்க உலக சுகாதார நிறுவனம் 2011-ல் பரிந்துரைத்தது. உங்கள் குழந்தைக்கு எவ்வளவு, எத்தனை மாதம் என்பதை அவனைப் பார்க்கும் மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும்.

மாமியாரின் அக்கறை நியாயமானதுதான். ஆனால், சருமத்தில் வைட்டமின் டி உருவாக புற ஊதா பி கதிர்கள் வேண்டும். அதிகாலை இளவெயிலில் அவை மிகக் குறைவு. உச்சி வெயிலிலோ பிஞ்சு சருமம் தாங்காது. ஜன்னல் கண்ணாடி வழியே வரும் வெயிலாலும் பலனில்லை.

லேபிளில் என்ன பார்க்க வேண்டும்?

ஒரு மில்லியில் 400 யூனிட் உள்ள மருந்தும் உண்டு, 800 யூனிட் உள்ளதும் உண்டு. முதலாவதில் 1 மில்லி கொடுத்த அதே அளவை இரண்டாவதில் கொடுத்தால், மருந்து இரட்டிப்பாகிவிடும். அதில் அரை மில்லிதான் கொடுக்க வேண்டும். அந்தந்த பாட்டிலோடு வந்த டிராப்பரையே பயன்படுத்துங்கள். டிராப்பரால் அளவு கூடிவிடும் ஆபத்து பற்றி அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2010-லேயே எச்சரித்தது. பெரியவர்கள் சாப்பிடும் 60,000 யூனிட் மருந்து குழந்தையின் கைக்கு எட்டவே கூடாது. அளவு மிகுந்தால் ரத்தத்தில் கால்சியம் ஏறும். வாந்தி, பால் குடிக்காமை, மலச்சிக்கல் வரலாம், சிறுநீரகமும் பாதிக்கப்படலாம்.

வைட்டமின் டி மட்டும் எலும்பைக் கட்டாது. கால்சியமும் பாஸ்பரஸும் வேண்டும். அவற்றைத் தனியாகக் கொடுக்க வேண்டுமா என்பதை, ரத்தத்தில் பாஸ்பரஸ், ஆல்கலைன் பாஸ்படேஸ் அளவுகளைப் பார்த்து மருத்துவர் சொல்வார். எலும்பு பலவீனம் பெரும்பாலும் வெளியில் தெரியாது என்பதால், பரிசோதனைத் தேதிகளைத் தவறவிடாதீர்கள்.

எண்ணெய் தேய்க்கலாம், மென்மையாக. குளிப்பாட்டும்போது கை, காலை இழுத்து நீவுவதும் உதறுவதும் வேண்டாம். கையையோ காலையோ தொட்டால் அழுதாலும், அசைக்காமல் வைத்திருந்தாலும், வீக்கம் இருந்தாலும் அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

இப்போதே இரண்டு பாட்டில்களின் லேபிளையும் போட்டோ எடுத்து, மருத்துவரிடம் காட்டி, 'இதில் எத்தனை மில்லி?' என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அந்தச் சீட்டை பாட்டிலிலேயே ஒட்டிவிட்டால், வீட்டில் யார் கொடுத்தாலும் அளவு மாறாது.