துருவங்கள் மாறுவது ஏன்? எங்கள் நிலைப்பாடு

செகந்திராபாத்துக்கு அண்டார்க்டிகா தொலைவானதல்ல. அங்குள்ள பாரதி ஆய்வு நிலையத்தில் 2013-இல் நிறுவப்பட்ட தரைநிலையம் செயற்கைக்கோள் தரவுகளை வாங்கி, ஹைதராபாத்தை அடுத்த ஷாத்நகரில் உள்ள தேசியத் தொலையுணர்வு மையத்துக்கு அனுப்புகிறது. துருவப் பகுதிகளின் வெப்பமும் பனியும் மாறுவது இயற்கையா, மனிதர் செயலா என்று எங்கள் கூட்டங்களில் தொடர்ந்து கேள்வி எழுகிறது. செகந்திராபாத்தில் வாழும் தமிழ் அறிவியல் ஆசிரியர்கள், பொறியாளர்கள் சேர்ந்த எங்கள் அமைப்பின் பதில் இது.

1. நீண்டகால வெப்ப உயர்வுக்கு முதன்மைக் காரணம் மனிதரே. அண்டார்க்டிகப் பனிக்குள் சிறைப்பட்ட காற்று 8 லட்சம் ஆண்டு வரலாற்றைச் சொல்கிறது. அந்தக் காலம் முழுவதிலும், தொழிற்புரட்சிக்கு முன் கரியமில வாயு பத்து லட்சத்துக்கு 300 பங்கைத் தாண்டியதே இல்லை. முக்கியமாக நிலக்கரியும் எண்ணெயும் எரித்ததால் இன்று 420-ஐத் தாண்டிவிட்டது.

2. ஆர்க்டிக் 1979 முதல் உலகச் சராசரியைவிட ஏறத்தாழ நான்கு மடங்கு வேகமாகச் சூடேறியுள்ளது. வெயிலைத் திருப்பியனுப்பும் பனி விலகினால், இருண்ட கடல்நீர் அதை உறிஞ்சிக்கொள்கிறது. சூடு மேலும் சூட்டை வளர்க்கிறது.

3. அண்டார்க்டிகாவில் பல காரணங்கள் பின்னிக் கிடக்கின்றன. ஓசோன் துளை அங்கே கோடைக்கால மேலைக்காற்றை வலுப்படுத்தியது. ஆழ்கடலின் வெம்மையான நீர் மேற்கு அண்டார்க்டிகாவின் மிதக்கும் பனித்தட்டுகளை அடியிலிருந்து கரைக்கிறது. எல் நினோவும் லா நினாவும் ஆண்டுக்கு ஆண்டு ஏற்ற இறக்கம் தருகின்றன. 2014-இல் உச்சம் தொட்ட கடல்பனி, 2023 பிப்ரவரியில் செயற்கைக்கோள் பதிவிலேயே மிகக் குறைந்த அளவுக்குச் சரிந்தது. ஒரே ஆண்டின் கணக்கைக் காட்டி வெப்பமயமாதலை மறுப்பதும் தவறு, அதை நிரூபிப்பதும் தவறு.

4. உள்ளூர்ப் பொறுப்பைத் துருவத்தின்மேல் போடக்கூடாது. 2020 அக்டோபரில் ஹைதராபாத்தை மூழ்கடித்த மழையைக் கொண்டுவந்தது வங்கக் கடலில் உருவான ஆழ்ந்த காற்றழுத்தத் தாழ்வு மண்டலம். ஆனால் ஏரிகளையும் நாலாக்கள் என்னும் வடிகால்களையும் ஆக்கிரமித்தது நாம்.

ஆகவே மூன்று கோரிக்கைகளை முன்வைக்கிறோம். அண்டார்க்டிகாவின் மைத்ரி, பாரதி, ஆர்க்டிக்கின் ஹிமாத்ரி ஆகிய இந்திய ஆய்வு நிலையங்களின் அளவீடுகள் ஓர் ஆண்டும் தடைபடாதபடி நடுவண் அரசு நிதி ஒதுக்க வேண்டும். அத்தரவுகள் தமிழிலும் தெலுங்கிலும் எளிய விளக்கத்துடன் பள்ளிகளை எட்ட வேண்டும். நிலக்கரி, எண்ணெய்ப் பயன்பாட்டைக் குறைக்கும் திட்டங்களுக்குக் காலக்கெடு வேண்டும்.

ஓசோனைச் சிதைக்கும் வேதிப்பொருள்களைக் கட்டுப்படுத்திய 1987-இன் மான்ட்ரியல் உடன்படிக்கைக்குப் பிறகு ஓசோன் படலம் மெல்ல மீண்டு வருகிறது. உலகம் ஒன்றுபட்டு எடுத்த முடிவு பலன் தந்திருக்கிறது. கரியமில வாயுவுக்கும் அதே உறுதி வேண்டும். இக்கோரிக்கைகளோடு உடன்படும் ஆசிரியர்களும் பெற்றோரும் எங்களுடன் இணைந்து குரல் கொடுக்க அழைக்கிறோம்.