சும்மா கிடைத்த வீட்டின் கணக்கு

"அதான் கவர்மெண்டு சும்மாவே வீடு குடுத்துடுச்சே, அப்புறம் எதுக்கு மறுபடி சிட்டிக்குள்ள வாடகைக்குப் போறாங்க?" பள்ளிக்கரணைப் பக்கம் அடிக்கடி காதில் விழும் கேள்வி இது.

பக்கத்துப் பெரும்பாக்கத்தையே பாருங்கள். 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு அடையாறு, கூவம் கரையோரக் குடும்பங்கள் பலவற்றை இங்குள்ள அடுக்குமாடிகளுக்குக் கொண்டுவந்தார்கள். சிந்தாதிரிப்பேட்டையிலிருந்து 20 கிலோமீட்டருக்கு மேல்! அங்கே நடந்தே போய் நாலு வீட்டில் வேலை பார்த்த ஒரு அம்மா, இங்கிருந்து போனால் ரெண்டு வீடுதான் பார்க்க முடியும். வீட்டுக்கு மாதம் 2,500 என்று வைத்தால்கூட 5,000 நஷ்டம். 2021 மே முதல் சாதாரண பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை. நல்ல விஷயம்தான். ஆனால் காசு மிச்சமாகுமே தவிர, நேரம் மிச்சமாகாது.

காமர்ஸில் இதற்குப் பெயர் வாய்ப்புச் செலவு. வாடகை பூஜ்யம் என்று எழுதிவிட்டு, போன கூலியை எழுதாமல் விட்டால் அது சரியான கணக்கா?

ஆற்றங்கரையில் ஆபத்து என்பது உண்மைதான். ஆனால் 2023 டிசம்பரில் பெரும்பாக்கத்திலும்தான் வெள்ளம் வந்தது.

வீடு கொடுங்கள், வேண்டாம் என்று யார் சொன்னது? வேலைக்குப் பக்கத்தில் கொடுங்கள். அதுவரை, வாடகை கொடுத்துத் திரும்பிப் போகிறவர்களைக் கணக்குத் தெரியாதவர்கள் என்று சொல்லாதீர்கள்.