கருமாதிப் பந்தலில் கைநாட்டு!

உத்திரமேரூர்க் கோயில் சுவரைக் காட்டி ஜனநாயகப் பெருமை பேசாத மந்திரி இல்லை. 2020-ல் புதிய நாடாளுமன்றத்துக்கு அடிக்கல் நாட்டிய பிரதமரும் பேசினார். பராந்தக சோழன் காலத்தில், 919-லும் 921-லும் வெட்டிய கல்வெட்டுகள் அவை. குடவோலை போட்டு வாரியத்துக்கு ஆள் எடுத்தார்களாம். எடுத்தார்கள், மறுக்கவில்லை. ஆனால் யார் பெயரைக் குடத்தில் போட்டார்கள்? கால் வேலிக்கு மேல் வரி கட்டும் நிலம், சொந்த மனையில் வீடு, வேதப் படிப்பு, இத்தனையும் உள்ளவன் பெயரை! (வேதம் கூடுதலாகக் கற்றவனுக்கு அரைக்கால் வேலியே போதுமென்று சலுகை வேறு.) ஏர் பிடித்தவன் பெயருக்கு அங்கே இடமில்லை. நாற்று நட்டவள் பெயருக்கும் இடமில்லை.

ஆயிரத்து நூறு ஆண்டு கழிந்துவிட்டது. அதே உத்திரமேரூர் வட்டாரத்தில் ஒரு விவசாயி செத்தால் அவன் மனைவிக்கு என்ன நடக்கிறது?

கருமாதி முடிந்து பந்தல் பிரிப்பதற்குள் பங்காளிகள் கூடிவிடுகிறார்கள். "குடும்பச் சொத்து சிதறக் கூடாதம்மா, உனக்குச் சோறு போட நாங்கள் இல்லையா?" என்று மச்சாண்டார் ஆரம்பிக்கிறார். பத்திரம் ஏற்கெனவே எழுதித் தயாராக இருக்கிறது. அழுத கண் காயாதவள் கட்டை விரலை நீட்டுகிறாள். பதிவு ஆபீசுக்கும் அவர்களே வண்டி வைத்துக் கூட்டிப் போகிறார்கள். அதற்குப் பெயர் விடுதலைப் பத்திரம்! யாருக்கு விடுதலை? ஒரகடம் பக்கம் தொழிற்சாலைகள் எழும்பி மனை விலை ஏறியபிறகு இந்தப் பாசம் இன்னும் பொங்கி வழிகிறது. வாய்க்கால் ஓரத்து அரை ஏக்கரைக்கூட விடமாட்டேன் என்கிறது.

கேட்டால், "குடும்ப விஷயம், வெளியார் தலையிடாதே" என்பார்கள். பண்ணையடிமைக்குச் சவுக்கடி கொடுத்த மிராசுதாரும் இதையேதான் சொன்னான், என் பண்ணை விஷயம் என்று!

சட்டம் இல்லையா? இருக்கிறது. அது நடந்து வந்த வேகத்தைப் பாருங்கள். பழைய இந்து தர்மப்படி, பாகம் பிரியாத குடும்பத்தில் விதவைக்குச் சோறும் துணியும்தான். 1937-ல் புருஷன் பங்கை ஆயுள் வரை அனுபவிக்க ஒரு சட்டம் வந்தது. அது விளைநிலத்துக்குச் செல்லாது என்றார்கள்! சென்னை மாகாணத்தில் நிலத்துக்கும் அதை நீட்ட 1947 ஆயிற்று. 1956-ல் வந்த இந்து வாரிசுச் சட்டம்தான் ஆயுள் அனுபவத்தை முழுச் சொந்தமாக்கியது.

காகிதத்தில் ஆக்கியது. துளசம்மாவைக் கேளுங்கள். கணவன் 1931-ல் இறந்தான். 1944-ல் நெல்லூர் முன்சீப் கோர்ட்டில், கட்டணம் கட்ட வக்கற்றவள் என்று ஏழை மனுப் போட்டு ஜீவனாம்சம் கேட்டாள். 1949-ல் பங்காளி ராஜிக்கு வந்து கொஞ்சம் சொத்து கொடுத்தான்: ஆயுள் வரை அனுபவி, விற்கக் கூடாது என்று. புதுச் சட்டம் வந்தபின் அவள் சிலவற்றைக் குத்தகைக்கு விட்டாள், சிலவற்றை விற்றாள். விடுவானா? 1961-ல் தாவா. முதல் கோர்ட்டு அவன் பக்கம், ஜில்லா கோர்ட்டு அவள் பக்கம், ஹைகோர்ட்டு மறுபடி அவன் பக்கம். 1977 மார்ச்சில்தான் சுப்ரீம் கோர்ட்டு சொன்னது: ஜீவனாம்சத்துக்கு ஈடாகக் கொடுத்தது தர்மமல்ல, அவளுடைய பாத்யதை, அது அவளுக்கே முழுச் சொந்தம். புருஷன் செத்து நாற்பத்தாறு வருஷம்! கூலிக்காரப் பெண் அத்தனை வருஷம் வக்கீலுக்கு எங்கே போவாள்? புருஷன் உயிலில் "ஆயுள் வரை" என்று எழுதி விட்டுப் போன நிலம் முழுச் சொந்தமா இல்லையா என்பதில் தீர்ப்புகள் முரண்படுகின்றனவென்று 2024 டிசம்பரில் பெரிய பெஞ்சுக்கு அனுப்பினார்கள்.

தோழர்களே, கசப்பான ஒன்றும் சொல்லவேண்டும். கருமாதிப் பந்தலில் பத்திரத்தோடு நிற்பவன் எப்போதும் மிராசுதாரன் அல்ல. நம் கொடி பிடிப்பவனும் நிற்கிறான். "தம்பி மில்லுக்குப் போனான், நிலத்தில் பாடுபட்டவன் நான்" என்கிறான். பாடுபட்டாய், உண்மை. மில்லில் பஞ்சுத் தூசி தின்று அவன் அனுப்பிய மணியார்டரில்தானே கிணறு தூர் வாரினாய்? அந்த நிலத்தில் களை பறித்தவள் அவள் இல்லையா? தாயும் தகப்பனும் இல்லாமல், கூடப் பிறந்த பெண்ணும் இல்லாமல், அண்ணன் தம்பி இருவருக்கு இரண்டு ஏக்கர் பிதிரார்ஜிதம் என்றால், தம்பியின் ஒரு ஏக்கர் அவன் பெண்சாதி பிள்ளைகளுக்குத்தான். "மறுகல்யாணம் செய்துகொண்டால் போச்சு" என்று மிரட்டுகிறார்களே, அதுவும் பொய். பட்டாவில் பெயர் ஏறாததால் உரிமையும் போய்விடாது.

நிலமில்லாத கூலித் தோழன் இது நமக்கில்லை என்று நினைக்கவேண்டாம். குடிசை நிற்கும் மனைக்கட்டு அவன் பெயரில் இருந்தால் அதற்கும் இதே சட்டம்தான்.

விவசாயத் தொழிலாளர் சங்கக் கிளைகள் துக்க வீட்டுக்கு மாலையோடு போவது போதாது. பந்தலில் எந்தக் காகிதத்திலும் விரல் வைக்காதே என்று முதல் நாளே அவளிடம் சொல்லவேண்டும். வாரிசுச் சான்றுக்குத் தாலுகா ஆபீசுக்கு அவளோடு இரண்டு பேர் போகவேண்டும். ஏமாற்றி வாங்கிய பத்திரமானால், மோசடி தெரிந்த நாளிலிருந்து மூன்று வருஷத்துக்குள் ரத்து கேட்டுத் தாவா போடவேண்டும். கெடு தவறினால் போயிற்று. வக்கீல் வைக்கக் காசில்லை என்றால், 1987-ம் வருஷச் சட்டப்படி பெண் என்ற ஒன்றே இலவச வக்கீல் பெறப் போதும். வருமானக் கணக்குக் கேட்கக் கூடாது. வட்டச் சட்டப் பணிகள் குழுவில் மனுக் கொடுக்கவேண்டும். எதிரே நிற்கும் பங்காளி நம் கிளை உறுப்பினனாக இருந்தாலும் மனு மனுதான்.