கண்புரைச் சிகிச்சைக்குப் பிறகு: ஊவா தோட்டங்களில் யாரும் கணக்கெடுக்காத நாட்கள்

“கண்ணுக்குள்ள செவப்பா மேகம் ஓடுது” என்றார் பெரியம்மா. பசறைப் பக்கத் தோட்டமொன்றின் லயத்தில் வசிக்கிறார். கண்புரை சத்திரசிகிச்சை முடிந்து ஐந்தாம் நாள் அது. மூன்றாம் நாளே கொழுந்துக்கூடையோடு மலையேறியிருந்தார். கண்ணுக்குள் இரத்தம் கசிந்திருப்பதாக வைத்தியர் சொன்னார். பல வாரங்களில் பார்வை மீண்டது. எல்லோருக்கும் அப்படி மீளும் என்பதில்லை.

கண்புரை அகற்றல் பாதுகாப்பான சிகிச்சைதான். உட்கசிவு அரிது. ஆனால் நீரிழிவும் உயர் குருதி அமுக்கமும் உள்ளவர்களுக்கு ஆபத்து கூடுகிறது. நீரிழிவால் விழித்திரையில் முளைக்கும் பலவீனமான குருதிக்குழாய்கள் எளிதில் வெடிக்கும். குருதி உறையாமலிருக்க மாத்திரை எடுப்பவர்கள் அதை முன்கூட்டியே வைத்தியரிடம் சொல்ல வேண்டும். தாமாக நிறுத்தவும் கூடாது. போரில் கண்ணில் காயம்பட்டவர்களுக்குச் சிகிச்சையே சிக்கலானது. ஒரு கண் மட்டுமே எஞ்சியவருக்கு இழப்பு முழுமையானது.

குனியாதே, பாரம் தூக்காதே என்பது வைத்தியர் அறிவுரை. 2024இல் நிர்ணயித்த அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாவாக இருந்தது. அந்தக் கணக்கில் பன்னிரண்டு வேலைநாள் ஓய்வெடுத்தால் 16,200 ரூபா போய்விடும். பெரியம்மாவின் அவசரத்தை அலட்சியம் என்று எப்படிச் சொல்வது? அவருக்குக் கொடுத்த அறிவுறுத்தல் தாளும் சிங்களத்திலேயே இருந்தது. தமிழும் அரச கரும மொழியென 1987இல் 13ஆவது திருத்தம் சொல்லி எத்தனை வருடங்கள்!

2023 ஏப்ரலில் நுவரெலியா வைத்தியசாலையில் கண்புரைச் சிகிச்சை பெற்ற சிலர் பார்வை இழந்தது நினைவிருக்கும். அங்கே காரணம் கசிவல்ல. இந்தியாவில் தயாரான பிரட்னிசொலோன் சொட்டுமருந்தின் மீதே குற்றச்சாட்டு எழுந்தது. காரணங்கள் வேறானாலும் பாடம் ஒன்று: ஆபத்து சத்திரசிகிச்சை மேசையோடு முடிவதில்லை. பிந்திய நாட்களுக்கும் யாரோ பொறுப்பேற்க வேண்டும். நுவரெலியாவில் பலர் ஒரே நேரத்தில் பாதிக்கப்பட்டதால் செய்தியானது. லயத்தில் தனியே மங்கும் கண் செய்தியாவதில்லை.

கேட்பது பெரிதல்ல. சம்பளத்தோடு ஓய்வு. தமிழில் ஒரு தாள். முதல் வாரத்தில் தோட்ட வைத்திய உத்தியோகத்தரின் ஒரு வருகை.

அதுவரை நாமே அயலாருக்குச் சொல்லி வைப்போம்: திடீர் வலி, பார்வை மங்கல், கறுப்புப் புள்ளிகள், சிவப்புத் திரை, இவற்றில் ஒன்று தெரிந்தாலும் கிளினிக் நாளுக்குக் காத்திருக்க வேண்டாம். அன்றைக்கே பஸ் ஏறுங்கள்.