முகாம் வைத்தியசாலை ஆகுமா?

'அடியாத மாடு படியாது' என்னும் பழமொழியையே இந்நாட்டு ஆட்சியாளர் வைத்திய சாஸ்திரமாகக் கொண்டுவிட்டனர் போலும்! 2023 டிசம்பரில் தொடங்கிய 'யுக்திய' நடவடிக்கையிற் பல்லாயிரவர் கைதாயினர். அவர்களுள் போதைப்பொருளை விற்றோரும் உளர். அதற்கு அடிமையாகி வாடுவோரும் உளர். இரு சாராருக்கும் ஒரே விலங்கா?

விஞ்ஞானம் சொல்வது யாது? 1954இல் மொன்றியல் நகரத்து மக்கில் பல்கலைக்கழகத்தில் ஓல்ட்ஸ், மில்னர் என்போர் எலியின் மூளையில் மின்கம்பி பொருத்தினர். நெம்புகோலை அழுத்தினால் அங்கே மின்சாரம் பாயும். எலி ஓயாது அழுத்தியது. இன்பத்தையும் நாட்டத்தையும் ஆளும் இடமொன்று மூளையில் உண்டென்பது புலனாயிற்று. அங்கு தொழிற்படும் இரசாயனங்களுள் தலையாயது டோப்பமின் எனப் பின்னர் அறியப்பட்டது. உணவும் உறவும் அதனை அளவோடு சுரக்கச் செய்யும். 'ஐஸ்' அதனை வெள்ளமாய்ப் பெருக்கும். மடை திறந்தால் பயிர் வாழும், குளக்கட்டு உடைந்தால் வயல் அழியும் என்பதைக் கமக்காரருக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை. வெள்ளம் தொடர்ந்தால், அதனை ஏற்கும் வாங்கிகள் குறைகின்றன. பின்விளைவை எண்ணித் தடுக்கும் முன்மூளையும் தளர்கின்றது. அஞ்சித் தடுக்கும் உறுப்பே பழுதுற்றவனை அச்சுறுத்தித் திருத்துவது எங்ஙனம்?

தானே தேடிக்கொண்ட கேடு என்பர் சிலர். நீரிழிவுக்காரனை, உண்டது குற்றமென்று சிறையிலிடுவாருண்டோ?

பழுதுற்ற மூளை மீளவும் கூடும். ஓராண்டுக்கு மேல் 'ஐஸை' விலக்கியோரிடம் டோப்பமின் கடத்திகள் ஓரளவு மீண்டதை 2001இல் வெளியான அமெரிக்க ஆய்வு காட்டிற்று. ஹெரோயினுக்கு அடிமையானோர்க்கு மெதடோன், புப்ரநோபின் எனும் மருந்துகள் உள. உலக சுகாதார நிறுவனம் 2005இலேயே அவற்றை அத்தியாவசிய மருந்துப் பட்டியலிற் சேர்த்தது. 'ஐஸு'க்கு அத்தகைய மருந்து இன்னும் இல்லை. உளவளத்துணையும் பொறுமையான தொடர் சிகிச்சையுமே வழி.

இங்கு நடந்ததோ வேறு. முன்னாள் போராளிகளுக்கென உருவான புனர்வாழ்வுப் பணியகம், 2023ஆம் ஆண்டுச் சட்டத்தாற் போதைக்கு அடிமையானோர்க்கு உரியதாக்கப்பட்டது. அதற்கு முன்னரே, 2022 ஜூனில், கந்தக்காடு முகாமில் ஒருவர் உயிரிழந்தார், நூற்றுக்கணக்கானோர் தப்பியோடினர். குணம்பெறுவோர் வைத்தியரை விட்டு ஓடுவாரோ? இத்தகைய கட்டாயத் தடுப்பு நிலையங்களை மூடுமாறு ஐக்கிய நாடுகளின் 12 அமைப்புகள் 2012இலேயே கோரியிருந்தன.

வடக்கு, கிழக்கின் ஒவ்வொரு மாவட்ட வைத்தியசாலையிலும், தமிழிற் பேசும் உளவளத்துணையாளரோடு, இந்நோய்க்கெனத் தனிப்பிரிவு வேண்டும். தமிழ் வைத்தியர்களும் சட்டத்தரணிகளும் இதனைக் கேட்காவிடின் வேறு யார் கேட்பர்? பெற்றோரே, மானத்துக்கு அஞ்சிப் பிள்ளையை அறையில் ஒளிக்காதீர்; வைத்தியரிடம் அழைத்துச் செல்லுங்கள். விற்பவனைச் சட்டம் தண்டிக்கட்டும். நோயாளியை வைத்தியசாலை ஏற்கட்டும்!