சில ரூபாய்ப் பாகமும் பல ஆயிரம் ரூபாய் கார்டும்

ஒரு பாகம் பழுதானால் பொருளையே கழித்துவிடுவது நம்மிடையே வழக்கமாகிவிட்டது. கணினியின் கிராபிக்ஸ் கார்டு இதற்குத் தக்க சான்று. திரையில் காட்சி வரவில்லை என்று கொண்டு சென்றால், "கார்டு போய்விட்டது, புதிது வாங்குங்கள்" என்பதே பல கடைகளில் கிடைக்கும் விடை. பல ஆயிரம் ரூபாய் கொடுத்து, சில வேளை தவணைக் கடனிலும் வாங்கிய பொருளுக்கு இந்த ஒற்றை வரித் தீர்ப்பை நாம் அப்படியே ஏற்கலாகாது.

கார்டுக்குள் வரும் மின்னழுத்தம் 12 வோல்ட். அதன் மையச் சில்லுக்குத் தேவைப்படுவதோ ஏறத்தாழ 1 வோல்ட். மாஸ்பெட், காயில், கெபாசிட்டர் முதலிய சிறு பாகங்கள் இடையில் நின்று அழுத்தத்தைக் குறைத்துச் சீராக்குகின்றன. அவற்றுள் அரிசிமணியினும் சிறிய ஒரு கெபாசிட்டர் ஷார்ட் ஆனாலும் கார்டு முழுவதும் முடங்கிவிடும். தேர்ந்த பழுதுபார்ப்பவர் மல்டிமீட்டரால் பழுதான பாதையைக் கண்டறிவார். அதில் மிகக் குறைந்த மின்னழுத்தத்தைச் செலுத்தி, எந்தப் பாகம் சூடேறுகிறது என்று பார்ப்பார். பின்னர் வெப்பக்காற்றால் அதனை அகற்றி, அதே அளவுள்ள புதியதைப் பற்றவைப்பார். பாகத்தின் விலை சில ரூபாய்தான். நாம் கொடுக்கும் கூலி அறிவுக்கும் கைத்திறனுக்கும் உரியது. மையச் சில்லே எரிந்திருந்தால் பழுதுபார்ப்பு பெரும்பாலும் கட்டுபடியாகாது. ஆயினும், அதைச் சோதித்து உறுதியாகச் சொல்வதற்கும் அவரே வேண்டும்.

கோலார் தங்கவயலின் பாலகாட் போன்ற பகுதிகளில் இது பிழைப்பைப் பற்றிய கேள்வியுமாகும். 1902-ஆம் ஆண்டிலேயே சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் பெற்ற வட்டாரம் அது. சுரங்க இயந்திரங்களைப் பணிமனைகளில் செப்பனிட்டு ஓட்டிய தமிழ்த் தொழிலாளர் பரம்பரை அங்கு உண்டு. 2001-இல் சுரங்கங்கள் மூடப்பட்டபின், ஆயிரக்கணக்கானோர் நாள்தோறும் பெங்களூருக்கு ரயிலேறுகின்றனர். நுண்பழுது நீக்கும் தொழிலுக்குப் பேராலை வேண்டியதில்லை. ஒரு மேசை, நுண்ணோக்கி, பற்றவைப்புக் கருவிகள், முறையான பயிற்சி ஆகியவை போதும். கார்டின் இணைப்பு முனைகளில் பூசப்பட்டிருப்பது தங்கம். ஆழ்நிலத்தில் உயிரைப் பணயம் வைத்துத் தங்கம் எடுத்தவர்களின் பேரப்பிள்ளைகள், அது குப்பைக்குப் போகாமல் காக்கும் தொழிலைச் சொந்த ஊரிலேயே செய்யலாம்.

அதற்கு மூன்று தரப்பினரும் தம் கடமையை ஆற்ற வேண்டும். பழுதுபார்க்கும் உரிமை குறித்து நடுவண் அரசு 2022 ஜூலையில் ஒரு குழுவை அமைத்தது. அவ்வாண்டு டிசம்பரில் அதற்கென இணையதளமும் தொடங்கப்பட்டது. உதிரிபாகங்களும் மின்சுற்று வரைபடங்களும் வெளிக்கடைகளுக்கும் கிடைத்தால்தான் அந்த உரிமை முழுமை பெறும். உற்பத்தியாளர்கள் அவற்றைத் தர முன்வர வேண்டும். பழுதுபார்ப்புக் கடைகளும் முத்ரா கடனுக்குரியவையே. அதன் சிசு பிரிவில் 50,000 ரூபாய் வரை பெறலாம். இத்தகைய விண்ணப்பங்களை வங்கிகள் பரிவோடு அணுக வேண்டும்.

வாடிக்கையாளராகிய நமக்கும் பங்குண்டு. உத்தரவாதக் காலம் முடிந்துவிட்டதா என்று முதலில் பார்ப்போம். முடிந்திருந்தால், எந்தப் பாகம் பழுது, செலவு எவ்வளவு என்று எழுத்தில் கேட்போம். கழற்றிய பாகத்தையும் கேட்டு வாங்குவோம். புதியது வாங்குவதை அதன் பிறகு முடிவு செய்வோம்.